படம் எப்படி இருந்தது? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு படமோ தொடரோ பார்த்து முடித்ததும் நோட்டில் நாலு வரி எழுதி வைப்பது என் பழக்கம். அது தெரிந்த நண்பர்களும் உறவினர்களும் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் என் சொந்தக் கருத்து. கதையின் முடிவுகளையும் சொல்லித்தான் பேசியிருக்கிறேன். நீங்கள் பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.

எல்லாவற்றிலும் உங்களுக்குப் பிடித்த படம் எது?

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’. 1955-இல் வந்தது. யோசிக்காமல் சொல்லக்கூடிய ஒரே பதில் இது.

அதில் இரண்டு இடங்கள். வேலை தேடிப் போன அப்பா ஹரிஹர் பல மாதங்கள் கழித்து வீடு திரும்புகிறார். மகள் துர்கா இறந்துபோனது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். கடைசியில் துர்காவுக்கு என்று வாங்கிய புடவை. அதுவரை கல்லாக இருந்த சர்பஜயா அந்தப் புடவையைப் பிடித்துக்கொண்டு உடைந்து போகிறாள். வாய் திறந்து அழுகிறாள், ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்ற தந்தி வாத்தியத்தின் உச்ச ஒலி எழுகிறது. படத்துக்கு இசை ரவிசங்கர். அந்த அழுகையை நேரடியாகக் கேட்டிருந்தால் ஒரு நடிகையின் அழுகையாக அது நின்றிருக்கும். வாத்தியமாக வந்ததால் நான் என் வாழ்க்கையில் கேட்ட எல்லா அழுகையும் அதற்குள் வந்துவிட்டது.

இரண்டாவது, அந்தப் பாசிமாலை. துர்கா மாலையைத் திருடினாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்பே சண்டை போட்டிருப்பார்கள். அவள் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பாள். ஊரை விட்டுக் கிளம்பச் சாமான் எடுக்கும்போது, பரண் மேல் ஒரு கொட்டாங்கச்சிக்குள் அந்த மாலை தம்பி அப்புவின் கையில் கிடைக்கிறது. யாரிடமும் சொல்லாமல் கொண்டுபோய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மெல்ல மூடிக்கொள்கிறது. அக்காவின் மானத்தை அந்தச் சின்னப் பையன் காப்பாற்றிவிட்டான். ஒரு வார்த்தை வசனம் கிடையாது. கேமரா அந்தப் பாசி மூடும்வரை காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மனதுக்குள் தேடுவது இதைத்தான். என்னை நம்பி எதையாவது சொல்லாமல் விட்டிருக்கிறார்களா?

தமிழில்?

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). பாட்டு கிடையாது. வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்ட முயல்கிறாள். மொத்தக் கதையும் இதுதான். அனுமதி, கடன், சிமென்ட் என்று ஒவ்வொரு படியிலும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதை அர்ச்சனா முகத்தில் காட்டிக்கொண்டே வருவார். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர், பாதி எழும்பிய வீட்டைத் தனியாகப் போய்ப் பார்க்கிறார். சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். இளையராஜாவின் இசை அவர் பின்னாலேயே போகிறது. அந்தச் சில நிமிடங்களுக்காகவே இந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வில்லன் என்று யாரையும் கைகாட்ட முடியாத படம். அதனால்தான் கடைசியில் விழும் அடி அவ்வளவு வலிக்கிறது.

அடுத்து மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979). அதன் முடிவைப் பற்றி வீட்டில் இன்னும் விவாதம் ஓயவில்லை. மனைவியையும் சுற்றியிருப்பவர்களையும் வதைத்த சுந்தரவடிவேலுவை ஊர் மக்கள் ஆற்றுக்குக் கொண்டுபோகிறார்கள். அவன் செத்தால் போதும் என்று நாமும் அதுவரை நினைத்துக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில், நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேனே என்ற பொருளில் அவன் பேசுகிறான். நமக்குள் இருந்த ஆத்திரம் அப்படியே நம் பக்கம் திரும்புகிறது. அக்கா இன்னும் சொல்வாள், “அவனுக்குக் கிடைத்தது சரிதான்” என்று. அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஆற்றங்கரையில் அவன் குழந்தைகள் நிற்பதைப் பார்த்தபிறகு எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

ஒரே அறைக்குள் நடக்கும் படம் போரடிக்காதா?

‘12 ஆங்ரி மென்’ (1957) பார்த்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஒரு கொலை வழக்கில் பன்னிரண்டு ஜூரிகள். பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாமே என்கிறார். தொடக்கத்திலும் முடிவிலும் சில நிமிடங்களை விட்டால், கேமரா அந்த அறையையும் அதை ஒட்டிய கழிப்பறையையும் விட்டு வெளியே போவதில்லை. மொத்தமே 96 நிமிடம்.

முதல்முறை பார்த்தபோது கடைசிப் பகுதியில் எனக்கு மூச்சு முட்டியது. காரணம் பிறகுதான் தெரிந்தது. இயக்குநர் சிட்னி லுமெட், படம் நகர நகர நீளக் குவியம் உள்ள லென்ஸ்களுக்கு மாறிக்கொண்டே போயிருக்கிறார். அதனால் பின்சுவர் ஆட்களை நெருங்கி வருவதுபோலத் தெரிகிறது. கேமராவின் உயரத்தையும் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். முதலில் ஆட்களை மேலிருந்து பார்க்கிறோம், முடிவில் கீழிருந்து பார்க்கிறோம். கூரை தலைமேல் இறங்கி வந்துவிடுகிறது. இவ்வளவும் நடக்கிறது, ஆனால் எதுவும் கண்ணில் உறுத்தவில்லை.

எனக்குப் பிடித்த இடம் வாதத்தில் இல்லை. எல்லாம் முடிந்து அனைவரும் கிளம்பும்போது, கடைசிவரை முரண்டு பிடித்துத் தோற்றுப்போன மனிதருக்கு, அவரைத் தோற்கடித்தவரே கோட்டை எடுத்து மாட்டிவிடுகிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

தொலைக்காட்சித் தொடரின் ஒரு எபிசோடைச் சினிமாவுக்கு இணையாக வைக்க முடியுமா?

வைக்கலாம், சில சமயம் மேலேயும் வைக்கலாம். தொடரில் ஒரு வசதி இருக்கிறது. பாத்திரங்களோடு நாம் வருஷக்கணக்கில் வாழ்ந்திருப்போம். அந்தப் பழக்கத்தை வைத்து ஒரு நல்ல எபிசோட் செய்யும் வேலையை இரண்டு மணி நேரப் படத்தால் செய்ய முடியாது.

என் உதாரணம் ‘பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்’ தொடரின் ‘தி பாடி’ (2001). பேய்களையும் ரத்தக்காட்டேரிகளையும் கொல்லும் ஒரு பெண்ணின் கதை அது. பெயரைக் கேட்டதுமே பலர் ஒதுக்கிவிடுவார்கள். இந்த எபிசோடில் அவள் வீட்டுக்கு வருகிறாள், அம்மா சோபாவில் இறந்து கிடக்கிறாள். எந்தப் பேயும் கொல்லவில்லை, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. மாயசக்தி எல்லாம் இருக்கிற உலகத்தில் ஒன்றும் செய்ய முடியாத ஒரு சாதாரணச் சாவு. எபிசோடில் பின்னணி இசை அறவே கிடையாது. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், வெளியே குழந்தைகள் விளையாடும் சத்தம், இவ்வளவுதான்.

இசை இருந்தால் எப்போது அழ வேண்டும் என்று அது நமக்குச் சொல்லிவிடும். இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு தோழி, ஆஸ்பத்திரிக்குப் போக எந்தச் சட்டையைப் போடுவது என்று முடிவு செய்ய முடியாமல் ஒவ்வொன்றாகப் போட்டுக் கழற்றுகிறாள். ஆயிரம் வருஷம் பேயாக வாழ்ந்து மனுஷியான இன்னொருத்தி, இறந்தவள் ஏன் எழுந்து வர முடியாது என்பது புரியவில்லை என்று சொல்லி அழுகிறாள். அம்மா போன அன்று நான் பீரோ முன்னால் நின்றுகொண்டு எந்தச் சட்டை என்று தெரியாமல் வெகுநேரம் விழித்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த எபிசோடை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். அந்தச் சட்டைக் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் மீதியைப் பார்க்க முடிந்தது.

அப்புறம் ‘மேஷ்’. கொரியப் போரின்போது ஒரு ராணுவ மருத்துவமனையில் நடக்கும் நகைச்சுவைத் தொடர். 1975-இல் வந்த ஒரு எபிசோட் முழுக்க, தலைமை அதிகாரி ஹென்றி பிளேக் ஊருக்குப் போகும் சந்தோஷம். சிரிப்பு, கேலி, வழியனுப்பு எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி நிமிடங்களில் அறுவைக்கூடத்துக்குள் உதவியாளன் ராடார் வருகிறான், ஒரு தந்தியைப் படிக்கிறான். ஹென்றியின் விமானம் ஜப்பான் கடல்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது, யாரும் பிழைக்கவில்லை. டாக்டர்கள் கையை நிறுத்த முடியாது, எதிரே நோயாளி கிடக்கிறான். முகக்கவசத்துக்கு மேல் கண்கள் மட்டும் தெரிகின்றன. எங்கோ ஒரு கருவி கீழே விழும் சத்தம். அந்தக் கடைசிப் பக்கத்தைப் படமாக்கும் நேரம் வரை நடிகர்கள் கையில் கொடுக்காமல் மறைத்து வைத்திருந்தார்களாம். அந்தக் கண்களைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

‘பிரேக்கிங் பேட்’ தொடரில் ஈ எபிசோடைத் தாண்டிவிடலாமா?

தயவுசெய்து தாண்டாதீர்கள்.

மூன்றாவது சீசனில் ‘ஃப்ளை’ (2010) என்று ஒன்று. போதைப்பொருள் தயாரிக்கும் வால்டரும் அவன் கூட்டாளி ஜெஸ்ஸியும் தங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த ஒரு ஈயைத் துரத்துகிறார்கள், அவ்வளவுதான் நடப்பு. செலவைக் குறைப்பதற்காக ஒரே அரங்கில் எடுத்த எபிசோட். கதை நகரவில்லை என்பதுதான் எல்லோருக்கும் புகார். முதல்முறை நானும் நோட்டில் “இழுவை” என்று எழுதினேன். அந்தக் கருத்தை முழுவதும் மாற்றிக்கொண்டேன். தூக்க மாத்திரையின் மயக்கத்தில் வால்டர், தான் எப்போது செத்திருக்க வேண்டும் என்று நிதானமாகக் கணக்குப் போடுகிறான். பக்கத்து அறையில் மனைவி குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த இரவிலேயே போயிருக்கலாம் என்கிறான். ஜெஸ்ஸியின் காதலி ஜேன் மூச்சுத் திணறிச் செத்ததும் அந்த இரவில்தான். கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றவன் இவன். உண்மை அவன் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. எதிரே ஜெஸ்ஸி ஏணிமேல் ஒன்றும் தெரியாமல் ஈயைத் தேடிக்கொண்டிருக்கிறான். இதைவிடப் பதற்றமான துப்பாக்கிச் சண்டை அந்தத் தொடரில் இல்லை.

இதே இயக்குநர் ரியான் ஜான்சன் எடுத்ததுதான் ஐந்தாவது சீசனில் வரும் ‘ஒசிமாண்டியாஸ்’ (2013). தொடரின் உச்சம் இது என்று உலகமே சொல்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வால்டர் மனைவிக்குப் போன் செய்து கேவலமாகத் திட்டும் காட்சியை மட்டும் சொல்கிறேன். போலீஸ் பக்கத்தில் இருந்து கேட்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கு எதிலும் பங்கில்லை என்று காட்டத்தான் திட்டுகிறான். வார்த்தையெல்லாம் விஷம், முகத்தில் கண்ணீர். ஆனால் அந்த விஷத்தில் ஒரு பங்கு உண்மையான கோபம்தான் என்று எனக்குப் படுகிறது. இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிரையன் க்ரான்ஸ்டன் நடித்திருக்கிறார்.

‘தி சோப்ரானோஸ்’ கடைசியில் டோனி செத்தானா, இல்லையா?

2007-இல் வந்த முடிவு, இன்றைக்கும் கேட்கிறார்கள். ஓர் உணவகத்தில் மாஃபியா தலைவன் டோனி குடும்பத்துக்காகக் காத்திருக்கிறான். கதவு திறக்கும்போதெல்லாம் மணி ஒலிக்கிறது, அவன் நிமிர்ந்து பார்க்கிறான். மகள் வெளியே காரை நிறுத்தத் தடுமாறுகிறாள். மறுபடி மணி, அவன் நிமிர்கிறான், திரை கறுப்பாகிவிடுகிறது. சத்தமும் போய்விடுகிறது.

செத்தான் என்பதற்கு ஆதாரம் காட்டுபவர்களின் வாதம் பலமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காட்சியைப் பார்க்கும்போது நாம் என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டோம். கழிப்பறைக்குப் போகிற ஆளை உற்றுப் பார்த்தோம். டோனி தினமும் வாழ்கிற வாழ்க்கை அதுதான். சில நிமிடங்களுக்கு நம்மையும் அதற்குள் உட்கார வைத்துவிட்டார்கள். துப்பாக்கி வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் அவன் மிச்ச நாள் அப்படித்தான்.

எல்லோரும் கொண்டாடி, உங்களுக்கு மட்டும் குறையாகத் தெரிந்த படம்?

‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ (1993). சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அதன் முக்கால்வாசி எனக்கு மிகவும் மதிப்புக்குரியது. கறுப்பு வெள்ளைப் படத்துக்குள் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு குழந்தை நடந்து போகிறது. பின்னால் பிணங்களை ஏற்றிய வண்டியில் அதே சிவப்பு தெரிகிறது. யாரும் விளக்கவில்லை. விளக்கவும் தேவையில்லை.

அப்படி எடுத்தவர், நாஜிகளிடமிருந்து யூதர்களைக் காப்பாற்றிய ஷிண்ட்லரை முடிவில் உடைந்து அழ வைக்கிறார். இந்தக் காரை விற்றிருந்தால் பத்துப் பேர், இந்தத் தங்கப் பின்னைக் கொடுத்திருந்தால் இரண்டு பேர் என்று அவர் வாய்விட்டுச் சொல்கிறார். நான் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்த கணக்கை அவரே உரக்கப் போட்டுவிட்டார். எனக்கு அங்கே படம் விலகிப் போனது. “அவ்வளவு பேரைக் காப்பாற்றியவன் ஒருமுறை அழக்கூடாதா?” என்று ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயம்தான். அவர் அழட்டும், அந்தக் கணக்கு மட்டும் வேண்டாம் என்பேன்.

‘செர்னோபில்’ தொடரில் காட்டியதெல்லாம் உண்மையா?

பெரும்பகுதி உண்மை, சில இடங்கள் புனைவு. செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி 2019-இல் வந்த ஐந்து எபிசோட். விஞ்ஞானி உலானா கோம்யுக் என்று ஒருவர் இருந்ததில்லை. விசாரணையில் உதவிய பல விஞ்ஞானிகளின் சார்பாக அந்தப் பாத்திரத்தை உருவாக்கினார்கள். அதைக் கடைசி எபிசோடின் முடிவில் அவர்களே எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் நீதிமன்றத்தில் கதையின் நாயகனான விஞ்ஞானி லெகசோவ் சிவப்பு, நீல அட்டைகளை வைத்து உலை வெடித்ததை விளக்கும் காட்சி இருக்கிறதே, அந்த வழக்கில் நிஜ லெகசோவ் கலந்துகொள்ளவேயில்லை. இது தெரிந்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பொய்யின் விலை என்ன என்று கேட்கிற தொடர், தன் மிக முக்கியமான காட்சியைக் கற்பனையில் வைத்திருக்கிறது. இருந்தாலும் ஓர் அணு உலையின் இயற்பியலை யாருக்கும் புரியும்படி அந்த அட்டைகள் சொல்லிவிட்டன. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

நான்காவது எபிசோடில் கூரைமேல் கிராபைட் துண்டுகளை அள்ளி எறியும் காட்சி ஒன்றுக்காகவே இந்தத் தொடர் என் பட்டியலில் இருக்கும். ஒரு வீரனுக்கு அங்கே நிற்க அனுமதி 90 விநாடி. வெட்டே இல்லாமல் கேமரா அவன் பின்னாலேயே ஓடுகிறது. நாமும் விநாடி எண்ணுகிறோம்.

முடிவு தெரிந்துவிட்டால் படம் கெட்டுப்போகுமா?

சில படங்கள் கெடும். ‘சைக்கோ’ (1960) வந்தபோது, படம் தொடங்கியபின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் தியேட்டர்களுக்குக் கட்டுப்பாடு வைத்தார். கதாநாயகி பாதிப் படத்துக்குள் கொல்லப்படுவது தெரியாமல் பார்ப்பவர்கள் இன்று மிகக் குறைவு. அவர்களை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

குரோசாவாவின் ‘இகிரு’ (1952) நேர்மாறு. முதல் காட்சியே கதாநாயகனின் எக்ஸ்ரே. இவருக்கு வயிற்றில் புற்றுநோய், அவருக்கே இன்னும் தெரியாது என்று குரல் சொல்கிறது. முப்பது வருஷம் காகிதத்தைத் தள்ளிய அலுவலர், சாவதற்குள் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்டித்தர அலைகிறார். படத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மீதமிருக்கும்போதே அவர் இறந்துவிடுகிறார். மீதி, துக்க வீட்டில் சக ஊழியர்கள் கூடிப் பேசுவது. பூங்காவை யார் கட்டினார்கள் என்று சண்டை. குடித்துவிட்டு, இனி நாமும் அவரைப் போல வேலை செய்வோம் என்று சபதம். மறுநாள் அலுவலகத்தில் எதுவும் மாறவில்லை. ஒரே ஒரு ஊழியர் ஆத்திரத்தோடு எழுந்து நிற்கிறார், பிறகு மெல்ல உட்கார்ந்து காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் மறைந்து போகிறார். அவர் அந்தப் பூங்காவில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு இந்த ஊழியர்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். இதில் எந்த முடிவைச் சொல்லிக் கெடுக்க முடியும்?

டப்பிங்கா, சப்டைட்டிலா?

சப்டைட்டில். குரல் பாதி நடிப்பு. கண் பார்வை சரியில்லாத பெரியவர்களும் குழந்தைகளும் டப்பிங்கில் பார்த்தால் அதில் எந்தத் தப்பும் இல்லை.

ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன பாசி மூடும் காட்சியை அப்படிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது.

படங்களுக்கு ஏன் மதிப்பெண் போடுவதில்லை?

முன்பு போட்டேன். ஒரே படத்துக்கு இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு எண் வந்தது. நிறுத்திவிட்டேன்.

மெதுவாகப் போகும் படங்களை எப்படிப் பொறுமையாகப் பார்க்கிறீர்கள்?

பொறுமை தானாக வரவில்லை, வயதோடு வந்தது. ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யை (1953) இருபது சொச்ச வயதில் பார்த்தபோது, பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் மேல் கோபம் மட்டும்தான் வந்தது. வயதான தம்பதி நகரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். டாக்டர் மகனுக்கும் அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவி நோரிகோ மட்டும் லீவு போட்டுக் கூட வருகிறாள். ஊர் திரும்பியதும் அம்மா இறந்து போகிறாள். துக்கத்துக்கு வந்த மகள், அம்மாவின் உடைகளில் எது தனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். அவளை நான் மன்னிக்கவேயில்லை.

பல வருஷம் கழித்து மறுபடி பார்த்தேன். இந்த முறை அந்த மகளின் வீட்டில் கடை எப்படி நடக்கிறது, எத்தனை வேலை என்பதெல்லாம் கண்ணில் பட்டது. கடைசித் தங்கை கோபப்படும்போது நோரிகோ, பிள்ளைகள் வளர்ந்தால் தங்கள் வாழ்க்கைக்குள் போய்விடுவார்கள், எனக்கும் அப்படித்தான் ஆகும் என்கிறாள். முதல்முறை அது சமாதானமாகக் கேட்டது. இரண்டாவது முறை அவள் உண்மையிலேயே பயந்து சொல்கிறாள் என்று தெரிந்தது.

அடுத்து என்ன பார்க்கப் போகிறீர்கள்?

கீஸ்லோவ்ஸ்கி போலந்துத் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘டெகலாக்’ தொடரை, பத்து எபிசோடையும் வரிசையாக. எல்லாக் கதையும் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுற்றி நடக்கும். முன்பு விட்டுவிட்டுப் பார்த்தேன். முதல் எபிசோடில் ஓர் அப்பா, ஏரியில் உறைந்த பனி தன் மகனின் எடையைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார். தாங்கும் என்று வருகிறது. பிறகு ஒரு பிற்பகலில் மேசைமேல் மைப்புட்டி தானாகக் கசிந்து, காகிதங்களில் நீல மை பரவுகிறது. அவர் கையைக் கழுவப் போகிறார், வெளியே சைரன் கேட்கிறது. அதற்கப்பால் அன்று என்னால் பார்க்க முடியவில்லை. இந்த முறை அக்காவையும் கூட வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று பேசி வைத்திருக்கிறோம்.